உங்க பையனை பெரிய கிளப் கூப்பிடுதா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதை படிங்க

இங்கிலாந்துல ஒரு சின்ன ஃபுட்பால் கிளப்போட அகாடமில, அதாவது சின்னப் பசங்களுக்கு பயிற்சி குடுக்கிற பிரிவுல, உங்க பையன் ஆடிட்டு இருக்கான்னு வைங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சு நீங்க குனிஞ்சு அவன் பூட்ஸ்ல ஒட்டின சேத்தை தட்டிட்டு இருக்கீங்க, அப்ப ஜாக்கெட் போட்ட ஒருத்தர் பக்கத்துல வந்து "பையன் நல்லா ஆடுறான், ஒரு நாள் எங்க கிரவுண்டுக்கு கூட்டிட்டு வாங்களேன்"னு மெதுவா சொல்லி ஒரு கார்டை நீட்டுறார். கார்டுல இருக்கிற கிளப் சின்னத்தை பாத்ததும் மனசு எங்கயோ போயிடும். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு. அந்த கார்டு ரெண்டு மாசம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல மேக்னெட் வச்சு ஒட்டியிருந்துச்சு, அதுக்கப்புறம் நடந்ததை கீழ சொல்றேன், ஏன்னா அந்த தப்பை இன்னொரு வீட்டுல யாரும் பண்ணக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல, அந்த நிமிஷத்துல என்ன பண்ணணும். கார்டை வாங்கிக்கோங்க, நன்றி சொல்லுங்க, வேற எதுவும் சொல்லாதீங்க. "வர்றோம்"னு சொல்லாதீங்க, பையன் இந்த கிளப்ல சந்தோஷமா இல்லன்னு சொல்லாதீங்க, ஃபோன் நம்பர் கூட குடுக்க வேண்டாம். பையன் ஒரு அகாடமில பதிவாகி இருந்தா இன்னொரு கிளப் அவனையோ உங்களையோ நேரா அணுகுறது விதிப்படி தப்பு, நீங்களா இன்னொரு கிளப்புக்கு ஃபோன் போட்டு பேசுறதும் தப்பு. கிளப்பும் கிளப்பும் பேசணும், அதுதான் வழி. இப்படி திருட்டுத்தனமா அணுகுறதுக்கு அங்க டேப்பிங் அப்புன்னு பேரு. 2017ல லிவர்பூல் கிளப், ஸ்டோக் சிட்டில இருந்த 12 வயசு பையன் விஷயத்துல மாட்டுச்சு. குடும்பத்தை தங்களோட ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு மேட்ச் பாக்க கூட்டிட்டு போனது, ஸ்கூல் ஃபீஸ் கட்டுறோம்னு ஆசை காட்டினது எல்லாம் வெளிய வந்து 1 லட்சம் பவுண்ட் அபராதம், மத்த இங்கிலாந்து அகாடமி பசங்களை எடுக்க 2 வருஷம் தடை, அதுல ரெண்டாவது வருஷம் நிறுத்தி வச்சாங்க. அதே வருஷம் மான்செஸ்டர் சிட்டிக்கு 3 லட்சம் பவுண்ட், அடுத்த வருஷம் எவர்ட்டனுக்கு 5 லட்சம் பவுண்ட், ரெண்டு பேருக்கும் தடையும் உண்டு. கிளப்புக்கெல்லாம் அது சில்லறை காசுங்க. நடுவுல நின்ன அந்த 12 வயசு பையனை நினைச்சு பாருங்க, பழைய இடமும் போச்சு, புது இடமும் கிடைக்கல.

அதனால அன்னிக்கு ராத்திரியே இப்ப இருக்கிற கிளப்போட அகாடமி மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டுடுங்க, யாரு வந்தாங்க, எந்த கிளப், என்ன சொன்னாங்கன்னு. கோச்கிட்ட வாய்ல சொன்னா மட்டும் பத்தாது, எழுத்துல இருக்கணும். இது காட்டிக்குடுக்கிறது இல்ல, உங்க பையனுக்கு நீங்க போடுற பாதுகாப்பு.

அடுத்தது, பையன் உண்மையிலயே பதிவாகி இருக்கானான்னு பாருங்க. அண்டர் 9க்கு (9 வயசுக்கு உட்பட்ட குரூப்) கீழ இருக்கிற குட்டிப் பசங்களுக்கு அகாடமி பதிவு கிடையாது, அந்த வயசுல நாலு கிளப்ல போய் ஆடிப் பாக்கலாம், யாரும் கேக்க முடியாது. அண்டர் 9ல இருந்துதான் படிவம் வரும். அந்த படிவத்துல பதிவு எந்த தேதி வரைக்கும், கிளப் எப்போ "வச்சுக்கிறோம்" இல்ல "விடுறோம்"னு சொல்லணும், இந்த ரெண்டையும் பென்சில்ல வட்டம் போட்டு வைங்க. மத்த பக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப பணக் கணக்கு. "அது கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவுல உள்ள விஷயம், நமக்கு எதுக்கு"ன்னு நிறைய அப்பா அம்மா விட்டுடுறாங்க, ஆனா பையன் மாட்டுறதே இங்கதான். 2011 அக்டோபர்ல, இங்கிலாந்தோட மேல்மட்ட லீக்கான பிரிமியர் லீக் கொண்டு வந்த இ.பி.பி.பிங்கிற அகாடமி திட்டத்துக்கு கீழ் லீக் கிளப்புகள் ஓட்டு போட்டாங்க, 46 பேர் சரின்னாங்க, 22 பேர் வேண்டாம்னாங்க. ஒத்துக்கலன்னா இளைஞர் ஃபுட்பாலுக்கு வர்ற பணம் நின்னுடும்ங்கிற பயத்துலதான் நிறைய பேர் கை தூக்கினாங்க. அதுக்கு முன்னாடி, பையனை எடுக்கிற கிளப் பழைய கிளப்புக்கு குடுக்க வேண்டிய நஷ்டஈடு, அதாவது விலை, ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா தீர்ப்பாயம் போய் பையனோட திறமையை பாத்து விலை சொல்லும், 90 நிமிஷ பயண தூரத்துக்குள்ள இருக்கிற பசங்களை மட்டும்தான் எடுக்கலாம்னு ஒரு வேலியும் இருந்துச்சு. 2012ல இருந்து பெரிய அகாடமிகளுக்கு அந்த வேலி போச்சு, விலையும் ரேட் கார்டு மாதிரி ஆயிடுச்சு. அப்ப போட்ட அட்டவணைப்படி அண்டர் 9ல இருந்து அண்டர் 11 வரை வருஷத்துக்கு 3,000 பவுண்ட், அண்டர் 12ல இருந்து அண்டர் 16 வரை அகாடமியோட தரத்தை பொறுத்து வருஷத்துக்கு 12,500ல இருந்து 40,000 வரை. மேல முதல் டீம்ல ஆட ஆட கொஞ்சம் சேந்து வரும், ஆனா எத்தனை பேர் அது வரைக்கும் போறாங்க?

கேட்டகரி 3 அகாடமில (தரத்துல கீழ இருக்கிறது, 12,500 ரேட்) அண்டர் 9ல சேந்து அண்டர் 13 முடிய 5 வருஷம் ஆடின பையன்னு வைங்க. முதல் மூணு வருஷத்துக்கு 9,000, அடுத்த ரெண்டுக்கு 25,000, ஆக மொத்தம் 34,000 பவுண்ட். வாரத்துக்கு மூணு நாள் மழையில நின்னு பந்து நிறுத்தவும் திரும்பவும் சொல்லிக்குடுத்த கோச்சுகளோட 5 வருஷ வேலைக்கு அவ்ளோதான். பிரிமியர் லீக் கிளப்புக்கு இதெல்லாம் ஒரு காசே இல்ல. ஆனா உங்க பையன் நாளைக்கு இன்னொரு சின்ன கிளப்புக்கு போகணும்னா? அந்த கிளப்புக்கு 34,000ங்கிறது ஒரு கோச்சோட வருஷ சம்பளம். இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, அடுத்த விஷயமே இதுதான்.

இருக்கிற கிளப்பை முதல்ல விட்டுட்டு வந்துடாதீங்க. எந்த காரணத்துக்கும். எங்க அண்ணன் அதைத்தான் பண்ணினாரு. கார்டு குடுத்த ஆள் ஃபோன்ல நல்லா பேசினாரு, "இந்த சீசனோட அங்க முடிச்சுக்கோங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்"னு சொன்னாரு, சின்ன கிளப் "பையனை வச்சுக்கிறோம்"னு லெட்டர் குடுத்தப்போ அண்ணன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. கிளப் வச்சுக்கிறேன்னு சொல்லி நாம வேண்டாம்னு சொன்னா, அந்த நஷ்டஈடு உரிமை அந்த கிளப்கிட்டயே தங்கிடும்னு யாரும் எங்களுக்கு சொல்லல. அதுக்குள்ள பெரிய கிளப்ல அதே இடத்துக்கு வேற பையன் வந்துட்டான், ஃபோன் எடுக்கிறது நின்னு போச்சு. வேற ரெண்டு சின்ன அகாடமில ட்ரையல் போனோம், ரெண்டு பேருக்கும் பையனை பிடிச்சுது, தொகையை கேட்டதும் கையை விரிச்சுட்டாங்க. அவங்க மேல எனக்கு கோவமே இல்ல, அவங்ககிட்ட அவ்ளோ பணம் கிடையாது. 13 வயசு பையன் ஒரு முழு சீசன் அகாடமி இல்லாம பார்க்ல சண்டே லீக் ஆடினான். பூட்ஸை கட்டில் அடில தள்ளி வச்சுட்டு "சித்தப்பா, நான் என்ன தப்பு பண்ணினேன்"னு கேட்டான். நான் என்னத்த சொல்றது.

பழைய கிளப்கிட்ட நேர்ல போய் பேசினோம், நடந்ததை மறைக்காம சொன்னோம், அடுத்த சீசன் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. எல்லா கிளப்பும் அப்படி எடுக்கும்னு நம்பாதீங்க.

அதனால வரிசை இதுதான்: பெரிய கிளப் உங்க கிளப்புக்கு எழுத்துல கேக்கணும், தொகை ரெண்டு பேருக்கும் ஒத்து வரணும், புது பதிவு படிவம் உங்க கைக்கு வரணும், அதுக்கப்புறம்தான் பழைய இடத்துக்கு டாட்டா. எங்கயும் ஒத்து வராம வெளிய வர வேண்டிய நிலைமை வந்தா, நஷ்டஈடு கேக்க மாட்டோம்னு கிளப்கிட்ட லெட்டர் கேளுங்க. மனசாட்சி உள்ள கிளப் குடுக்கும், நிறைய கிளப் குடுத்தும் இருக்கு. இப்ப நடப்புல இருக்கிற தொகை எவ்வளவுன்னும் அகாடமி செக்ரட்டரிகிட்டயே கேட்டுக்கோங்க, பழைய நம்பரை வச்சு கணக்கு போடாதீங்க.

விதிப்படி எல்லாம் சரியா நடந்து பெரிய கிளப் கூப்பிட்டுச்சுன்னா போகலாமா? போகலாம், தப்பே இல்ல, நல்ல பிட்ச், நல்ல டாக்டர், நல்ல கோச் எல்லாம் அங்க இருக்கு. ஆனா அவங்க காட்டுற நாள்ல மட்டும் பாக்காதீங்க, நவம்பர் மாசம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் நீங்களே காரை எடுத்துட்டு ஸ்கூல் வாசல்ல இருந்து அந்த கிரவுண்டுக்கு ஓட்டிப் பாருங்க. எங்க தெருவுல இன்னொரு வீட்டுப் பையன் அப்படி போறான், ராத்திரி ஒன்பதரைக்கு எம்25 ரோட்டுல ட்ராஃபிக்ல பின் சீட்டுல ஷின் பேடை கழட்டாமயே தூங்கிடுவான், அவங்கம்மா டப்பால கட்டின லெமன் சாதம் பாதி அப்படியே இருக்கும், காலையில 7 மணிக்கு எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்பணும். வாரத்துக்கு நாலு நாள். வீட்டுல இன்னொரு குழந்தை இருந்தா அதோட சாயங்காலமும் இதோட போச்சு.

அந்த கிளப்கிட்ட கேக்க வேண்டியதை கூச்சப்படாம கேளுங்க. இந்த வயசு குரூப்ல இவன் ஆடுற இடத்துக்கு இப்ப எத்தனை பேர், போன வருஷம் இந்த குரூப்ல இருந்து எத்தனை பேரை விட்டீங்க, விட்ட பசங்க இப்ப எங்க இருக்காங்க, ஸ்கூல் மாத்தணுமா, மாத்திட்டு பையனை விட்டுட்டா ஃபீஸ் யாரு கட்டுவா. கடைசி கேள்விக்கு எழுத்துல பதில் வாங்குங்க. விட்ட பசங்களை பத்தி கேக்கும்போது எதிர்ல இருக்கிறவர் பேர் சொல்லி சொல்றாரா, பொதுவா மழுப்புறாரான்னு கவனிங்க, நான் அதை வச்சேதான் ஒரு கிளப்பை எடை போடுவேன்.

ஏஜென்ட் விஷயம் சுருக்கமா. சின்ன வயசுப் பசங்களை எந்த ஏஜென்டும் அணுகக்கூடாதுன்னு எஃப்.ஏ (இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம்) விதி இருக்கு. 12 வயசு பையனுக்கு பூட்ஸ் வாங்கித் தர்றேன்னு வர்ற ஆளை வாசல்லயே அனுப்பிடுங்க.

சின்ன கிளப்பை நடத்துறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், இதை படிக்கிறவங்கள்ல வாலண்டியரா கமிட்டில இருக்கிறவங்களும் இருப்பீங்க. ரேட் கார்டுங்கிறது ஒத்து வராதப்போ வர்ற தொகைதான், அதுக்கு மேல பேசி வாங்க வாய்ப்பு இருக்கு, முக்கியமா மறுவிற்பனை பங்கை, அதாவது அந்த பையனை பின்னாடி வேற கிளப்புக்கு விக்கும்போது உங்களுக்கு வர்ற பங்கை, விட்டுடாதீங்க. 2010ல க்யூ.பி.ஆர் கிளப், ரஹீம் ஸ்டெர்லிங்ங்கிற இளம் வீரரை லிவர்பூலுக்கு அனுப்பும்போது 20 சதவீதம் எழுதி வாங்கினாங்க, 2015ல அவர் 4 கோடியே 90 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டிக்கு போனப்போ அந்த ஒரு வரி பல வருஷ அகாடமி செலவை தூக்கி குடுத்துச்சு. பையன் தயாரா இருந்தா முதல் டீம்ல இறக்கவும் பயப்படாதீங்க, எக்ஸிட்டர் சிட்டி ரசிகர்களே சொந்தமா வச்சிருக்கிற கிளப், அங்க 15 வயசுலயே முதல் டீமுக்கு ஆடின ஈத்தன் ஆம்பாடு 2017ல செல்சிக்கு போனப்போ தீர்ப்பாயம் முதல் தவணையே சுமார் 13 லட்சம் பவுண்ட்னு சொல்லுச்சு. இன்னொரு பக்கம் ப்ரென்ட்ஃபோர்டு கிளப்பை பாருங்க, 2016ல ரெண்டு பசங்க மான்செஸ்டரோட ரெண்டு பெரிய கிளப்புக்கும் ஆளுக்கு ஏறக்குறைய 30,000 பவுண்டுக்கு போனாங்க, அதே வருஷம் அகாடமியையே மூடிட்டாங்க. 2022லதான் திரும்ப திறந்தாங்க. நடுவுல அந்த ஆறு வருஷம் வெஸ்ட் லண்டன்ல எத்தனை பசங்களுக்கு ஒரு கதவு மூடிக் கிடந்துச்சுன்னு நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. 2021 ஜனவரில இருந்து ப்ரெக்ஸிட்டால இங்கிலாந்து கிளப்புகள் வெளிநாட்டுல இருந்து 18 வயசுக்கு கீழ யாரையும் எடுக்க முடியாது, முன்னாடி 16 வயசு ஸ்பெயின் வீரர் ஃபேப்ரிகாஸை பார்சிலோனால இருந்து ஆர்சனல் எடுத்த மாதிரி எல்லாம் இனி நடக்காது, அதனால பெரிய கிளப்போட கண்ணு முழுக்க இப்ப உள்நாட்டு சின்ன அகாடமி மேலதான்.

இதோட சம்பந்தப்பட்டது இன்னொண்ணு, ஊர்ல இருந்து சொந்தக்காரங்க அடிக்கடி கேக்கிறது: "14 வயசு பையன், சூப்பரா ஆடுறான், லண்டன் கிளப்ல சேத்து விடுறேன்னு ஒருத்தர் பணம் கேக்கிறார், குடுக்கலாமா?" குடுக்காதீங்க. ஃபிஃபா விதி 19ன்படி 18 வயசுக்கு கீழ நாடு விட்டு நாடு மாத்துறதுக்கே தடை, விதிவிலக்கு ரொம்ப கொஞ்சம், அப்பா அம்மா ஃபுட்பாலுக்கு சம்பந்தமில்லாத காரணத்துக்காக குடி மாறி வந்திருந்தா மாதிரி. இதை மீறினதுக்கு பார்சிலோனா, ரியல் மாட்ரிட், செல்சி மாதிரி கிளப்புகளே ஆள் எடுக்க தடை வாங்கியிருக்கு, அப்ப சென்னையில ஹோட்டல் ரூம்ல உக்காந்து லட்சக்கணக்குல அட்வான்ஸ் கேக்கிற ஆள் எங்க இருந்து வழி கண்டுபிடிப்பார்?

கடைசியா அந்த மெயில், என்ன எழுதுறதுன்னு தெரியாமதான் நிறைய பேர் அனுப்பாம விட்டுடுறாங்க. இவ்ளோ போதும்: "இன்னிக்கு மேட்ச் முடிஞ்சதும் இந்த கிளப் பேர் சொல்லி ஒருத்தர் என்கிட்ட பேசினார். நாங்க எந்த பதிலும் சொல்லல. எங்க பையன் இங்க பதிவாகி இருக்கான், அவங்க ஏதாவது பேசணும்னா உங்க மூலமா வரட்டும். அப்படி ஏதாவது வந்தா எங்களுக்கு எழுத்துல தெரியப்படுத்துங்க." தேதி, கிரவுண்ட் பேர் போட்டு, கார்டை ஃபோட்டோ எடுத்து சேத்து, உங்களுக்கும் ஒரு காப்பி வச்சுக்கோங்க.