எம்.எல்.ஏ. மீதே புகார் என்றால்: எங்கே, எப்படி, எந்தத் தேதிக்குள்

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள், அவரிடமிருந்தே பாலியல் தொல்லை வருகிறது என்றால், முதலில் காதில் விழுவது "அவரை எதிர்த்து என்ன செய்துவிட முடியும்?" என்பதுதான். செய்ய முடியும், ஆனால் நிறைய எழுத வேண்டியிருக்கும். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பிரதிநிதிகள் அவை, ஸ்டீவ் லெப்சாக் என்ற உறுப்பினரைப் பாலியல் தொல்லைப் புகார்களுக்காக 52-க்கு 9 என்ற வாக்கில் வெளியேற்றியது. அவர் எல்லாவற்றையும் மறுத்தார். புகார் சொன்னவர்களில் சக உறுப்பினர் ஒருவரும் இருந்தார். வெளியாள் ஒருவரை வைத்து விசாரித்து, புகார்கள் நம்பத்தக்கவை என்று அறிக்கை கையில் வந்த பிறகுதான் அந்த வாக்கெடுப்பு நடந்தது. நம் ஊரில் அவையே அப்படி இறங்கி விசாரிக்கும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், எல்லோரும் போஷ் சட்டம் என்று சொல்வது. அதோடு குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. ஏன் தாமதம் என்று எழுதிக் கேட்டால், புகாரை விசாரிக்கும் குழு காரணத்தை ஏற்றுக்கொண்டு இன்னும் 3 மாதம் வரை கூட்டித் தரலாம், அதற்கு மேல் இல்லை. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். மேற்கு வங்கத்தில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது பேராசிரியர் ஒருவர் கொடுத்த புகாரில் கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் போனது டிசம்பர். உச்ச நீதிமன்றம் வரை போராடியும் 2025 செப்டம்பரில் காலம் கடந்த புகார் என்றே முடிந்தது. அதன் பிறகு நடந்த நிர்வாக நடவடிக்கைகளையெல்லாம் பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சி என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், நடந்ததை மன்னிக்கலாம், மறக்கக் கூடாது என்று சொல்லி, அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம். மெமோ கொடுத்தார், சீட்டை மாற்றினார், சம்பளத்தை நிறுத்தினார் என்பதெல்லாம் உங்கள் காலக்கெடுவை நீட்டித் தரும் என்று நம்பி உட்காராதீர்கள்.

அடுத்த கேள்வி, எந்தக் கதவைத் தட்டுவது. பலர் தடுமாறுவது இங்கேதான். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் புகார் முதலாளி மீதே என்பதால் நீங்கள் போக வேண்டியது மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம். எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், அந்த அலுவலர் பதவி வழியிலேயே குழுவில் உறுப்பினர். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தாலும் தேதியோடு ஒப்புகைச் சீல் வாங்காமல் வராதீர்கள். அரசுத் துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ அங்கே அனுப்பப்பட்டவர் என்றால் உங்கள் சொந்த அலுவலகத்தின் குழுவுக்கும் எழுதி வையுங்கள். இத்தகைய புகார்களுக்கான மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம்.

"எனக்குச் சம்பளமே கிடையாது, சும்மா உதவிக்குத்தான் போனேன்" என்று சொல்லி ஒதுங்க வேண்டாம். சட்டத்தில் ஊழியர் என்ற சொல்லுக்குள் ஊதியம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரும் பயிற்சிக்கு வந்தவரும் அடக்கம். ஆனால் கட்சி வேலை என்றால் கதை வேறு. அரசியல் கட்சிக்கும் தொண்டருக்கும் முதலாளி-ஊழியர் உறவு இல்லை, ஆகவே கட்சிகள் உள்ளகக் குழு அமைக்க வேண்டியதில்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தில் இருப்பதிலேயே பெரிய ஓட்டை இதுதான். மாநிலம் முழுக்கப் பெண்கள் வாக்குச்சாவடி வேலை பார்க்கிறார்கள், அது வேலை இல்லையாம். கட்சி அலுவலகத்தில் நடந்தது என்றால் காவல் நிலையத்துக்கு நேராகப் போங்கள்.

புகாரை எப்படி எழுதுவது? நாள், நேரம், இடம், யார் அருகில் இருந்தார்கள், அவர் சொன்னது என்ன, செய்தது என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், இவ்வளவுதான். "தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் அவருடைய ஆட்கள் அதற்கு நூறு அர்த்தம் சொல்வார்கள். கூச்சமாக இருந்தாலும் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், தொட்டார் என்றால் எங்கே என்று எழுதுங்கள். துல்லியமான தேதி நினைவில்லையா, "பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாவது வாரம், மாலை" என்பதுகூடப் போதும், தெரியாத தேதியை ஊகித்துப் போடாதீர்கள், குறுக்குக் கேள்வியில் அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டே தொங்குவார்கள். அவருடைய அரசியல், ஊழல், குடும்ப விவகாரம் எதுவும் இந்தத் தாளில் வேண்டாம். சாட்சிகளின் பெயர், முகவரி, ஆவணங்களோடு 6 பிரதிகள் கொடுக்க வேண்டும். உங்களால் எழுத முடியவில்லை என்றால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை.

ஆதாரம் என்றதும் எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். எடுங்கள், ஆனால் அந்த போனையே பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள், மூலக் கருவி இல்லாமல் அதில் சிக்கல் வரும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை விற்காதீர்கள், கோபத்தில் நீங்கள் அனுப்பிய பதிலையும் நீக்காதீர்கள். அன்றைக்கே தோழிக்கோ அக்காவுக்கோ அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி பின்னால் மிகவும் உதவும், ஏனென்றால் "இப்போதுதான் ஜோடித்தார்" என்ற வாதத்தை அது உடைக்கும்.

புகார் போனதும் ஆட்கள் வருவார்கள். ஒன்றியச் செயலாளர் வருவார், சொந்தக்காரர் வருவார், "பொண்ணு பேரு கெட்டுப்போகும், பேசி முடிச்சிக்கலாம்" என்பார்கள், கவரோடுகூட வருவார்கள். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டும், குழுவின் வழியாக மட்டும், பணம் அடிப்படையாக இல்லாமல் நடக்க வேண்டிய ஒன்று, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வீட்டு வாசலில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெள்ளைத்தாளில் கட்டாயம் கூடாது. யார் வந்தார், எப்போது, என்ன சொன்னார் என்பதைக் குறித்து வைத்துக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.

விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ எழுதிக் கேட்கலாம். விடுப்பு உங்கள் கணக்கில் கழியாது. இடமாற்றம் நீங்கள் கேட்டதாக இருக்க வேண்டும், தண்டனையாக அனுப்பிவிட்டு "உங்கள் பாதுகாப்புக்காக" என்றால் எழுத்தில் எதிர்ப்பைப் பதியுங்கள். புகாரின் பிரதி 7 வேலை நாளுக்குள் அவருக்குப் போகும், அவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இரு தரப்பும் வழக்கறிஞரை உள்ளே கூட்டிவர முடியாது, இது உங்களுக்குத்தான் லாபம். காரணம் சொல்லாமல் மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து அவர் இல்லாமலே முடிக்கலாம். சட்டமன்றம் நடக்கிறது, தேர்தல் வருகிறது என்று இழுத்தால் இந்த விதியை எழுத்தில் நினைவூட்டுங்கள்.

காவல்துறைக்கும் போகலாம், குழு முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம், பூஜ்ய எஃப்.ஐ.ஆர். என்பது இதைத்தான், வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். உள்ளூர் நிலையத்தில் தயங்கினால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள், பாலியல் குற்றங்களுக்கு அது தேவையில்லை என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. குழுவின் 6 மாத எல்லை கடந்துவிட்டாலும் இந்த வழி அடைபடாது: 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு 3 ஆண்டு அவகாசம், ஓராண்டு வரை தண்டனை உள்ளதற்கு ஓராண்டு. அதிகாரம் உள்ளவர்கள் தண்டிக்கப்படுவதே இல்லை என்பவர்களிடம், தமிழ்நாட்டில் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் வழக்கைச் சொல்லுங்கள். 2021-இல் பெண் எஸ்.பி. ஒருவர் கொடுத்த புகார், 2023-இல் விழுப்புரம் நீதிமன்றத்தில் 3 ஆண்டு சிறைத்தண்டனையில் முடிந்தது, மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பதவி போகுமா என்று கேட்பீர்கள். குழுவின் அறிக்கையால் மட்டும் போகாது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி தகுதியிழப்பு, 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு அது உடனடியாகவே. நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் தொடுவதற்கும் பாலியல் இணக்கம் கேட்பதற்கும் 3 ஆண்டு வரை தண்டனை உண்டு, ஆபாசப் பேச்சுக்கோ அதிகபட்சமே ஓராண்டு. அதாவது வெறும் பேச்சுக்கு 75-இல் மட்டும் வழக்குப் போட்டால், அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் நாற்காலி தப்பிக்கும். பின்தொடர்ந்தது, அவமதிக்கும் சைகை காட்டியது எல்லாம் நடந்திருந்தால் 78, 79 பிரிவுகளும் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் ஊடகம். குழுவிடம் புகார் கொடுத்த பிறகு உங்கள் பெயர், அவர் பெயர், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம், அது இரு பக்கமும் பொருந்தும். அவதூறு வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலும் வரும். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு அவதூறாகாது, ஆகவே குழுவிடமும் போலீசிடமும் பயப்படாமல் பேசுங்கள். பொதுவெளியில் எழுதினால் வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். எம்.ஜே. அக்பர் பத்திரிகை ஆசிரியராக இருந்த காலத்தைப் பற்றிப் பல பெண்கள் சொன்ன குற்றச்சாட்டுகளால் 2018 அக்டோபரில் மத்திய இணையமைச்சர் பதவியிலிருந்து விலகினார், குற்றச்சாட்டுகளை மறுத்து, அவரைப் பற்றிப் பொதுவெளியில் எழுதிய பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது அவதூறு வழக்கும் தொடுத்தார். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுதலை செய்தது. ஆனால் இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் நீதிமன்ற வாசல், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குழு உங்கள் பக்கம் முடிவு சொன்னால் 60 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் அறிக்கை மாவட்ட அதிகாரிக்குப் போகும், பிரதி உங்களுக்கும் வர வேண்டும், வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். முடிவு பிடிக்காவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு. இழப்பீடு கேட்பதில் கூச்சம் வேண்டாம், இழந்த வேலை வாய்ப்பு, மருத்துவச் செலவு, மன உளைச்சல் மூன்றையும் குழு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அவர் கட்டாமல் இழுத்தடித்தால் அந்தத் தொகையை நில வரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லிக் குழு மாவட்ட அதிகாரிக்கு எழுதலாம்.