முதலில் தாளை மடியுங்கள்: மாணவர் உணவு இதழை வடிவமைக்கத் திட்டமிடுவது எப்படி?

உணவு இதழ் போடுவது என்று முடிவானதும் மாணவர்கள் நேராகக் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அட்டைக்கு எந்த எழுத்துரு, என்ன நிறம் என்பதிலேயே இரண்டு நாள் ஓடிவிடும். கணினி அப்புறம் இருக்கட்டும். இப்போதைக்கு ஆறு ஏ4 தாள், ஒரு பென்சில், ஒரு ஸ்டேப்ளர் போதும்.

மதுரைத் தெருச் சாப்பாடு பற்றி ஏ5 அளவில் 24 பக்க இதழ் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: டம்மி

ஆறு தாள்களையும் அடுக்கி, பாதியாக மடித்து, மடிப்பில் பின் அடியுங்கள். 1 முதல் 24 வரை பக்க எண் போடுங்கள். அச்சகத்தில் டம்மி என்பது இதைத்தான். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். அதனால் இப்படிப் பின் அடிக்கிற இதழின் பக்கங்கள் 4, 8, 12 என்று நாலு நாலாகத்தான் கூடும். 22 பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறதென்றால் இரண்டு பக்கம் சேர்க்க வேண்டும், அல்லது இரண்டு பக்கம் வெட்ட வேண்டும்.

இப்போது பின்னைக் கழற்றி வெளித்தாளை விரியுங்கள். 1-ம் 24-ம் அருகருகே இருக்கும். அடுத்த தாளின் வெளிப்பக்கத்தில் 3-ம் 22-ம். எந்தத் தாளை எப்படித் திருப்பினாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 25. நடுத்தாளில் மட்டும்தான் 12, 13 என்று அடுத்தடுத்த பக்கங்கள் ஒன்றாக வரும். கறிதோசையை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட ஆசையா? அதற்கு இதுதான் இடம். மற்ற இடங்களில் படத்தின் இரண்டு பாதியும் வேறு வேறு தாளில் அச்சாகும். கொஞ்சம் விலகினாலும் தோசையின் வட்டம் உடைந்து தெரியும்.

படி 2: எது எங்கே

டம்மியிலேயே பென்சிலால் எழுதுங்கள்: 2-இல் பொருளடக்கம், 4, 5-இல் பருத்திப்பால், இப்படியே கடைசி வரை. ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு செய்முறை எதிரெதிரே இருக்கும் இடது, வலது பக்கங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். 5-இல் தொடங்கி 6-இல் முடிந்தால், கையெல்லாம் மாவாக நிற்கிறவர் பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். நம் இதழ் அடுப்படியில் திறந்து கிடக்க வேண்டும். அந்த மரியாதையைச் சமைக்கிறவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

படி 3: எழுத்து

தமிழில் சொற்கள் நீளம். ‘வதக்கிக்கொண்டிருக்கும்போது’ என்ற ஒரே சொல் குறுகிய பத்தியில் (பக்கத்தின் நெடுக்குப் பிரிவில்) முழு வரியையும் தின்றுவிடும். ஏ5-இல் இரண்டு சமமான பத்தி வைத்து இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் தேவையான பொருட்கள், இரண்டு பங்கில் செய்முறை என்று வைத்தால் அழகாக உட்காரும்.

எழுத்தின் அளவு 10.5 புள்ளி (பாயின்ட்), வரிக்கு வரி 16 புள்ளி என்று தொடங்கிப் பாருங்கள். ‘கீ’ மேலே சுழிக்கும், ‘ழு’ கீழே இறங்கும். வரிகள் நெருங்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இலவச எழுத்துருக்களில் முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் உள்ளடக்கத்துக்கு எனக்குப் பிடித்தவை. இதழுக்கு மொத்தம் இரண்டு எழுத்துரு போதும்.

எல்லாரும் யூனிகோடில் தட்டச்சு செய்யட்டும். ஒருமுறை எங்கள் குழுவில் பாதிப் பேர் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று சேர்த்தபோது அந்தப் பக்கங்களெல்லாம் குறியீடுகளாகத்தான் தெரிந்தன. ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்ப அடித்தோம்.

படி 4: படம்

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஜிகர்தண்டாவின் அழகு கண்ணாடிக்குள் கடல்பாசி, நன்னாரி சர்பத், பால், ஐஸ்கிரீம் அடுக்கடுக்காகத் தெரிவதில் இருக்கிறது. கேமராவை டம்ளர் மட்டத்துக்கு இறக்குங்கள். தோசையை நேர் மேலிருந்து எடுங்கள். நம் குழம்புகள் பெரும்பாலும் பழுப்பு நிறம். பழுப்பு மேசையில் வைத்தால் காணாமல் போய்விடும். அடியில் வாழை இலை விரித்தால் அதே குழம்பு எழுந்து நிற்கும்.

ஏ5 முழுப்பக்கப் படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1748 × 2480 பிக்சலாவது வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 5: அச்சகம்

கணினியில் உட்காருவதற்கு முன்பே அச்சகத்துக்கு ஒரு நடை போய், என்ன தாள், எந்த வடிவில் கோப்பு வேண்டும் என்று கேளுங்கள். பக்க ஓரம் வரை போகும் படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டுங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். திரையில் பளீரென்ற மிளகாய்ச் சிவப்பு அச்சு மையில் மங்கும். ஒரு பக்கம் மாதிரி அச்செடுத்துப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

அந்த மாதிரிக்குச் செய்முறைப் பக்கம் ஒன்றையே தேர்ந்தெடுங்கள். வீட்டில் சமைக்கிறவரிடம் கொடுத்து, அதைப் பார்த்தே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். எந்த வரியில் கண்ணைச் சுருக்குகிறார், எந்த அளவை இரண்டாம் தடவை தேடுகிறார் என்று டம்மியில் குறித்துக்கொண்டு, அப்புறம் கணினியில் மற்றப் பக்கங்களைத் தொடங்குங்கள்.