டெமோவைப் பார்த்துச் சந்தா கட்டாதீர்கள்: ஏஐ வீடியோ கருவி வாங்குமுன்

தீபாவளி விளம்பர வேலைகள் வரத் தொடங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே கேள்விதான். “அண்ணே, வியோ நல்லதா, கிளிங் நல்லதா, ரன்வே நல்லதா?” மூன்றும் எழுத்தையோ படத்தையோ கொடுத்தால் வீடியோ செய்து தரும் ஏஐ கருவிகள். கேட்பவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரில் கல்யாண வீடியோவும் கடை விளம்பரமும் எடுத்துப் பழகிய தம்பிகள். கேட்பதற்கு முன்பே பாதிப் பேர் பணம் கட்டியிருப்பார்கள். ப்ராம்ப்டை, அதாவது கருவிக்கு எழுதும் கட்டளையை, விளக்கமாக எழுது, ஏஐ வரைந்த ஆளின் விரலை எண்ணிப் பார் என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. அதை விட்டுவிட்டு, நான் அடிக்கடி பார்க்கும் மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டெமோவை நம்பி ஆண்டுச் சந்தா

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தம்பி. ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று கைக்கு வந்தது. பாட்டி பேத்திக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான் கதை. ஏதோ ஒரு கருவியின் டெமோவில் மழை நனைத்த தெருவும் கண்ணாடியில் சிதறும் விளக்கொளியும் பார்த்து மயங்கி, தள்ளுபடி கிடைக்கிறதென்று ஒரு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டான். தனித்தனியாகப் பார்த்தால் அவன் எடுத்த ஒவ்வொரு கிளிப்பும் அழகுதான். சேர்த்து ஓட்டியபோதுதான் வினை. முதல் ஷாட்டில் சேலைக்கு மாங்காய் பார்டர், அடுத்ததில் கோபுர பார்டர், மூன்றாவதில் பார்டரே இல்லை. பாட்டியின் மூக்குத்தி வலப்பக்கம் இருந்தது இடப்பக்கம் போய்விட்டது. கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதுல எங்க கடைச் சேலை எது?”

விற்கவேண்டிய பொருளே அந்தச் சேலைதான். பொம்மைக்குக் கட்டியிருக்கும் சேலையைப் பார்த்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் பில் போடச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அவன் கதை.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், இந்தக் கருவிகள் ஒவ்வொரு கிளிப்பையும் வெறும் இரைச்சல் புள்ளிகளிலிருந்து தொடங்கி, படிப்படியாகத் துடைத்துக் காட்சியாக்குகின்றன. போன கிளிப்பில் பாட்டி என்ன கட்டியிருந்தாள் என்று நீங்கள் சொன்னால் தவிர அதற்குத் தெரியாது. “மாங்காய் பார்டர் போட்ட சிவப்புப் பட்டு” என்று எழுதினாலும் பத்துத் தடவைக்குப் பத்து விதமான மாங்காய் வரும். டெமோவில் இது கண்ணில் படாது. அங்கே ஒவ்வொரு ஷாட்டும் தனி; ஓடாததை யாரும் காட்டவும் மாட்டார்கள்.

அதனால் ஆள், பொருள் மாறக்கூடாத வேலை என்றால் எழுத்திலிருந்து நேரே வீடியோவுக்குப் போகாதீர்கள். கடைச் சேலையைப் போட்டோ எடுத்து, அதை வைத்து ஒரு நிலைப்படம் செய்து, கடைக்காரரிடம் சரி வாங்கி, அதையே முதல் ஃபிரேமாகக் கொடுங்கள். 2025 மார்ச்சில் வந்த ரன்வே ஜென்-4, ஒரு படத்தைக் காட்டினால் அதே ஆளை ஷாட்டுக்கு ஷாட் தொடரவைப்பதையே தன் பெரிய பலமாகச் சொல்லிக்கொண்டது. அதிலும் ஒரு எல்லை உண்டு. பேத்தி திரும்பி நடந்தால் முந்தானையின் பின்பக்கம் தெரியும். போட்டோவில் இல்லாத அந்தப் பக்கத்தைக் கருவி தானாக இட்டுக்கட்டும். முந்தானை குளோசப்பை நான் இன்னும் கேமராவில்தான் எடுக்கிறேன்.

சோதிப்பதென்றால் உங்கள் ஸ்கிரிப்டிலேயே கஷ்டமான ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதே படம், அதே ப்ராம்ப்ட், ஒவ்வொரு கருவியிலும் அதே எண்ணிக்கை டேக். ஒரு மாதச் சந்தா போதும். ஒரு வருடத்துக்கு ஒரே கருவியோடு தாலி கட்டிக்கொள்ளும் காலமா இது? 2024 பிப்ரவரியில் ஓபன்ஏஐ நிறுவனத்தின் சோரா கருவி செய்த மாதிரி வீடியோக்களைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தோம். பொதுப் பயன்பாட்டுக்கு அது வந்தது டிசம்பரில். அதற்குள் கிளிங், லூமா, ரன்வே ஜென்-3 எல்லாம் சந்தைக்கு வந்துவிட்டன. 2025 மே மாதம் வியோ 3 வந்து காட்சியோடு ஒலியையும் சேர்த்தே கொடுத்தது.

கிளிப் விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவது

எட்டு விநாடி கிளிப் இவ்வளவு கிரெடிட் (சந்தாவோடு வரும் பயன்பாட்டுப் புள்ளி), முப்பது விநாடி விளம்பரத்துக்கு நாலு கிளிப் என்று பெருக்குகிறார்கள். அப்படி வராது. ஐந்து டேக்கில் ஒன்று தேறுகிறது, அதிலும் மூன்று விநாடிதான் உபயோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விநாடிக்கு நாற்பது விநாடி உருவாக்கியிருக்கிறீர்கள். முப்பது விநாடிக்கு நானூறு. பணம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் போகும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு மலேசியாவில் சேவை வரி வேறு இருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து அது 8 விழுக்காடு. பல திட்டங்களில் மாதம் முடிந்தால் மிச்சக் கிரெடிட்டும் போய்விடும். இதையெல்லாம் சேர்த்துத்தான் கடைக்காரரிடம் விலை சொல்லவேண்டும்.

தமிழ் எழுத்தைக் கருவியிடமே கேட்பது

கேட்காதீர்கள். திரையில் வரவேண்டிய எழுத்தை எடிட்டிங்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்துமலை கருவிக்குத் தெரியும் என்று நினைப்பது

தங்க நிறத்தில் பெரிய முருகன் சிலை கேட்டால் தரும். ஆனால் 272 படிகளும் 2018இல் அவற்றுக்கு அடித்த வண்ணங்களும் நாம் பார்த்த வரிசையில் வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. வேலும் அடிக்கடி வளைந்துவிடும். தைப்பூசக் கூட்டம் கேட்டால் காவடி ஆளின் தோளோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஆட்கள் இதை உடனே கண்டுபிடித்து கமெண்டில் கிழித்துவிடுவார்கள். கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறினால் பத்துமலை வாசலிலேயே இறங்கலாம். உண்மையான இடத்தைப் போய் எடுத்துவிட்டு, இல்லாததற்கு மட்டும் ஏஐயைக் கூப்பிடுங்கள்.

இலவசம் என்று லோ யாட்டுக்கு ஓடுவது

அலிபாபா 2025 பிப்ரவரியில் வான் 2.1 என்ற வீடியோ மாடலை யாரும் இறக்கித் தங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம் என்று திறந்து விட்டதிலிருந்து இந்த ஆசை பரவியிருக்கிறது. சிறிய மாடல் சுமார் 8 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகத்தில் ஓடும், உண்மைதான். கடைக்குக் கொடுக்கிற தரம் பெரிய மாடலில்தான் வரும். அதற்கு ஏற்ற கிராஃபிக்ஸ் கார்டின் விலையை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் கேட்டுவிட்டு, எத்தனை மாதச் சந்தா அது என்று வகுத்துப் பாருங்கள். தினமும் வேலை இருக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுப்பவர்களுக்கு ஆகாது.

இலவசத் திட்டத்தில் கடை விளம்பரம்

பல கருவிகளின் இலவசத் திட்டம் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. வாட்டர்மார்க்கை வெட்டினால் அனுமதி வந்துவிடாது.

படுக்கைவாட்டில் எடுத்து நிமிர்த்துவது

1920க்கு 1080 கிளிப்பை ரீல்ஸுக்கு வெட்டினால் அகலத்தில் மிஞ்சுவது ஏறக்குறைய 608 பிக்சல். ஆரம்பத்திலேயே 9:16 என்ற நெட்டுவாட்டு வடிவில் தரும் கருவியா என்று பாருங்கள்.