சோல் ஆல்பமா, மேடையா? ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருந்தது, எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. அதே வாரம் இன்னொரு பாடகரான டானி ஹாத்வே மேடையில் பாடியதைப் பதிவு செய்த 'லைவ்' ஆல்பத்தைக் கேட்டேன், அது முதல் நிமிடத்திலேயே என்னை இழுத்துக்கொண்டது. உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த சோல் இசை என்றால் மேடைதான், ஸ்டுடியோவில் செய்வதெல்லாம் அதன் நிழல். அது தப்பான முடிவு என்று புரிய எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது. புதிதாக சோல் கேட்க வருகிற பலர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, ஒரு ஆல்பத்துக்கு ஒரே ஒரு தடவை காது கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது. மேடையில் பாடுகிறவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடிக்க அந்த ஒரு தடவைதான் கிடைக்கிறது, அதனால் அவர் எல்லாவற்றையும் அந்த நிமிடத்திலேயே கொட்டுகிறார். ஆல்பம் செய்கிறவருக்கு அந்த அவசரம் இல்லை. நீங்கள் திரும்பத் திரும்ப வருவீர்கள் என்று நம்பித்தான் அவர் சில விஷயங்களை உள்ளே தள்ளி வைக்கிறார். 1971 மே மாதம் வெளிவந்த 'வாட்ஸ் கோயிங் ஆன்' மொத்தமே 35 நிமிடம்தான், ஆனால் அதற்குள் எத்தனை அடுக்கு! முதல் தடவை கேட்டால் மென்மையான ஒரு குரலும் பின்னால் வயலின்களும் மட்டும்தான் காதில் விழும். நான்காவது ஐந்தாவது தடவையில்தான் அந்தக் குரல் ஒன்று அல்ல, இரண்டு என்று தெரிகிறது. ஒரே மனிதர், இரண்டு விதமாகப் பாடி, தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்கிறார். இது திட்டமிட்டு நடந்ததும் இல்லை. கேய் தலைப்புப் பாடலை இரண்டு தடவை பாடி வைத்திருந்தார், எது நன்றாக இருக்கிறது என்று பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வதாக எண்ணம். ஒலிப்பதிவு செய்த கென் சாண்ட்ஸ் தவறுதலாக இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார், கேயுக்கு அது பிடித்துப்போனது, அப்புறம் அதையே தன் பாணியாக்கிக்கொண்டார்.

தலைப்புப் பாடலில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அதுவே தனியாக ஒரு பாட்டு. தொடக்கத்தில் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொள்கிற சத்தம் வருகிறதே, அதில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர்கள் லெம் பார்னியும் மெல் ஃபாரும் இருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகுதான், வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்த தம்பி ஃபிராங்கியை மனதில் வைத்து கேய் கேட்கிற கேள்விகள் எனக்கு உறைத்தன. முதல் தடவை என்னைக் குழப்பிய அந்த ஒட்டல், அதாவது பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஓடுவது, வேண்டுமென்றே செய்தது. வீடு திரும்பிய ஒருவன் தெருவைப் பார்த்துக்கொண்டே நடக்கிற மாதிரி அது போகிறது, நடுவில் எங்கே நிறுத்துவது?

இரண்டாவது, ஸ்டுடியோ என்றாலே ஒட்டுப்போட்டது, செயற்கையானது என்று நினைப்பது. மேலே சொன்ன ஆல்பம் அடுக்கடுக்காகக் கட்டியது உண்மைதான், ஆனால் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் ப்ளூ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 ஜூலையில், மெம்ஃபிஸ் நகரத்தின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில், ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. நடுவில் வாசிப்பவர்கள் இரவு கிளப்பில் வாசிக்கப் போய்விட்டு, நடுநிசி தாண்டித் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அந்த ஸ்டுடியோ முன்பு சினிமா கொட்டகையாக இருந்த இடம், தரை கூடச் சரிவாகவே இருந்தது. எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சேர்ந்து வாசித்தார்கள். ஸ்டீவ் க்ராப்பர் கிடார், டக் டன் பேஸ், அல் ஜாக்சன் டிரம்ஸ். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் என்ன வாசிக்க வேண்டும் என்பதை ஓட்டிஸ் வாயாலேயே பாடிக் காட்டுவார். கேட்க ஆள் இல்லை என்பது ஒன்றுதான் குறை, மற்றபடி அதுவும் ஒரு மேடைதான். இதே ஓட்டிஸ் 1967 மார்ச்சில் பாரிஸில் பாடியதன் பதிவும் இருக்கிறது. அங்கே தாளம் வேகமெடுக்கிறது, சொற்கள் சில இடங்களில் கரைந்தே போகின்றன, கூட்டத்தின் சூடு அவரைத் தள்ளிக்கொண்டு போகிறது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், ஆனால் குரலின் நடுக்கத்தைக் கேட்க வேண்டும் என்றால் மெம்ஃபிஸுக்குத்தான் போவேன்.

மூன்றாவது தவறுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லைவ் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, அந்த இரவிலேயே உட்கார்ந்திருந்த மாதிரி பேசுவது. லைவ் ஆல்பம் நிகழ்ச்சி இல்லை, அது மூன்றாவது ஒரு பொருள். நிகழ்ச்சியிலிருந்து யாரோ தேர்ந்தெடுத்து, வெட்டி, வரிசை மாற்றி, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டுமே பிடிக்கிற எல்பி தட்டுக்குள் அடக்கியது. அரீதா ஃபிராங்க்ளின் 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தை 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடினார். பாடல்கள் காஸ்பெல் வகை, அதாவது கறுப்பினத் தேவாலயங்களின் பக்திப் பாட்டுகள், சோல் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்துக்கே அவர் திரும்பிப் போன இரவுகள் அவை. நாம் தட்டில் கேட்பது அந்த இரண்டு இரவுகளையும் கலந்து கட்டியது. முழுப் பதிவு 1999இல்தான் வெளியானது. சிட்னி பொல்லாக் எடுத்த படமோ, ஒலியையும் காட்சியையும் பொருத்த க்ளாப் போர்டு பயன்படுத்தாததால் முடங்கிக் கிடந்து, 2018இல்தான் திரைக்கு வந்தது. ஆல்பத்தைப் பல வருடம் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தபோது, அரீதா எவ்வளவு குறைவாகப் பேசுகிறார், எவ்வளவு வியர்த்திருக்கிறார் என்பது என்னை உலுக்கிவிட்டது. காதால் மட்டும் கேட்டபோது அவர் எளிதாகப் பாடுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

இன்னும் ஒரு படி மேலே போனால், 'லைவ்' என்று விற்றதெல்லாம் லைவும் இல்லை. ஜேம்ஸ் பிரவுனின் 1970ஆம் ஆண்டு இரட்டை ஆல்பமான 'செக்ஸ் மெஷின்' மேடைப் பதிவு என்ற பெயரில்தான் வந்தது. அதன் முதல் தட்டில் இருப்பது ஸ்டுடியோவில் வாசித்துவிட்டு மேலே கூட்டத்தின் சத்தத்தைச் சேர்த்தது. வாசிப்பு அபாரம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கைதட்டலை வைத்து அந்த இரவைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

அடுத்தது, எந்த அறை, யார் கேட்டார்கள் என்று பார்க்காமல் ஒப்பிடுவது. இதற்குப் பாடகர் சாம் குக்கைவிட நல்ல பாடம் இல்லை. 1963 ஜனவரியில் மயாமியின் ஓவர்டவுன் பகுதியில், ஹார்லம் ஸ்கொயர் கிளப்பில், கறுப்பின மக்கள் நிறைந்த ஓர் அறையில் அவர் பாடியது பதிவானது. அதைக் கேட்ட அவருடைய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ, இது மிகவும் கரடுமுரடு, இவருடைய நாசூக்கான பெயருக்கு ஒத்துவராது என்று எடுத்து வைத்துவிட்டது. 1964இல் நியூயார்க்கின் கோப்பகபானா கிளப்பில், இரவு உணவுக்கு வந்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் அவர் பாடியது அதே வருடம் ஆல்பமாக வந்தது. அதனால் இருபது வருடத்துக்கு மேல், சாம் குக்கின் மேடை என்றால் உலகத்துக்குத் தெரிந்தது கோப்பகபானாதான். மயாமி இரவு 1985இல் வெளியானது, அதற்குள் அவர் இறந்து இருபது வருடம் ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றரை வருட இடைவெளியில் அதே மனிதர் பாடியவை, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நம்பவே முடியாது. கோப்பகபானாவில் அவர் விருந்தாளி மாதிரி ஜாக்கிரதையாகப் பாடுகிறார். மயாமியில் தொண்டை கிழிகிறது, பாட்டுக்கு முன்னால் கதை சொல்லி, கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, அப்புறம்தான் பாட்டுக்குள் இறங்குகிறார். 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' பாடலின் ஸ்டுடியோ பதிவில் அவருக்குப் பதில் குரல் கொடுப்பவர் லூ ரால்ஸ், ஒரே ஒருவர். மயாமியில் அந்தப் பதிலை அறையே கொடுக்கிறது. பாட்டு அதேதான், பேசுகிற ஆள் மாறிவிட்டார்.

மேடையில் ஆல்பம் அப்படியே வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது இதற்கு நேர் எதிரான தவறு. ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், அப்போலோ தியேட்டரில் பாடியதை ஆல்பமாக்கலாம் என்றபோது, அவருடைய இசைத்தட்டு நிறுவனத் தலைவர் சிட் நேத்தன், ஏற்கெனவே வந்த பாட்டுகளையே திரும்ப யார் வாங்குவார்கள் என்று மறுத்தார். பிரவுன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பதிவு செய்தார். 1963இல் வெளிவந்த அந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது, 66 வாரம் அதில் நின்றது. நேத்தன் எங்கே தவறினார் என்பது 'லாஸ்ட் சம்ஒன்' பாடலில் தெரியும். சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, சிறியதாக வந்திருந்த அந்தப் பாட்டு அப்போலோவில் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. பாட்டில் புதிதாக எதுவும் சேரவில்லை, வாத்தியங்கள் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், பெண்கள் அலறுகிறார்கள், அவர் அந்த அலறலை வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தாழ்ந்து கெஞ்சுகிறார். சிங்கிளை மட்டும் மனதில் வைத்து உட்கார்ந்தால் இது இழுவையாகத்தான் படும்.

மார்வின் கேயும் தன் ஆல்பத்தை மேடையேற்றினார். 1972 மே 1, அவர் பிறந்த ஊரான வாஷிங்டனில், கென்னடி சென்டரில். தன்னோடு ஜோடியாகப் பாடி வந்த டாமி டெரல் 1970இல் இறந்ததிலிருந்து மேடையைத் தவிர்த்து வந்தவர், அன்று ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை முதலில் பாடி, பிறகு முதல் பக்கத்துக்குப் போய், கடைசியில் இரண்டு பாட்டுகளைத் திரும்பவும் பாடினார். 2019இல்தான் இது தனி ஆல்பமாக வந்தது. ஸ்டுடியோவில் இருந்த அந்த இரட்டைக் குரல் இங்கே இல்லை, இருக்கவும் முடியாது, ஒருவருக்கு ஒரு வாய்தானே. அது இல்லாதபோது பாட்டு எவ்வளவு தனியாக நிற்கிறது என்பதைத்தான் இதில் கேட்க வேண்டும். ஆல்பத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு அப்புறம் இதைக் கேளுங்கள், முதலிலேயே கேட்டால் இதன் அருமை தெரியாது.

சரி, திரும்பத் திரும்பக் கேட்பதிலும் தவறுகள் உண்டு. பாட்டுகளை வரிசை மாற்றி ஓட்டும் ஷஃபிளில் போட்டுக் கேட்டால் 'வாட்ஸ் கோயிங் ஆன்' மாதிரி ஆல்பம் உடைந்துபோகும், பாட்டு நடுவில் வெட்டுப்பட்டு வேறு எதிலோ போய் விழும். ஒரே நாளில் ஆறு தடவை ஓடவிட்டால் காது மரத்துப்போகும். நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு தடவை என்று இடைவெளி விட்டுக் கேட்பதுதான் எனக்குப் பலன் தந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவையும் மேடையையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும்போது இரண்டின் சத்த அளவையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள், இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். ஒரு பாடகரின் மேடையை யாரோ போனில் பிடித்த வீடியோவை வைத்து எடைபோடவும் வேண்டாம். போனின் மைக் தாழ்ந்த சத்தத்தைத் தூக்கி, உரத்ததை அமுக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். சோல் பாடகரின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, லைவ் பதிவு ஒரு தடவைக்குத்தான், திரும்பக் கேட்டால் சலித்துவிடும் என்பார்கள். நானும் அதை நம்பினேன், டானி ஹாத்வேதான் மாற்றினார். அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் ஹாலிவுட்டின் ட்ரூபடூர் கிளப்பில் பதிவானது, இரண்டாம் பக்கம் நியூயார்க்கின் பிட்டர் எண்டில், இரண்டும் 1971இல். கூட்டம் எந்த நொடியில் கத்தும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம், எதிர்பாராத சந்தோஷம் என்பது போய்விட்டது. அது போன இடத்தில் வேறு வந்தது. கடைசிப் பாட்டில் வில்லி வீக்ஸ் பேஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும்போது எத்தனை பொறுமையாகத் தொடங்குகிறார் என்பதை எத்தனையோ தடவை கேட்ட பிறகுதான் கவனித்தேன். கரோல் கிங் எழுதிய 'யூ ஹாவ் காட் எ ஃபிரெண்ட்' தொடங்கி இரண்டு மூன்று சுரம் விழுந்ததுமே கூட்டம் அடையாளம் கண்டு கூவுகிறது, கோரஸ் வந்ததும் ஹாத்வே விட்டுக்கொடுக்க, அறையே பாடுகிறது. முன்பெல்லாம் அது எனக்கு ஒரே திரளான சத்தம். இப்போது அதற்குள் தனித்தனிக் குரல்கள் கேட்கின்றன, சுருதி கொஞ்சம் தப்பிப் பாடுகிற ஒரு பெண் குரல் உட்பட. ஒவ்வொரு தடவையும் அவருக்காகக் காத்திருக்கிறேன்.