மெல்பர்ன் ஷஃபிள்: தரையைத் தேய்த்து ஆடும் நடனத்தை வீட்டிலேயே கற்பது எப்படி?

மெல்பர்ன் ஷஃபிள் கற்க விரும்புபவர்களில் பலர் அரை நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, அதில் பளிச்செனத் தெரியும் முழங்கால் தூக்கலை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஷஃபிள் என்ற சொல்லுக்குக் காலைத் தேய்த்து நடத்தல் என்று பொருள். பெயருக்கு ஏற்ப, மேலே தூக்கும் காலைக் காட்டிலும் தரையில் நிற்கும் காலே இந்த ஆட்டத்தில் அதிகம் உழைக்கிறது. இந்த ஆட்டம் எந்தத் தரையில், எந்த இசைக்குப் பிறந்தது என்று தெரிந்தால் எதை முதலில் பழகுவது, எதைப் பிறகு பழகுவது என்பதும் விளங்கிவிடும் என்பதால், பயிற்சியையும் வரலாற்றையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

1980-களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை உருவானது. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறிய பேஸ் கருவியைத் திருகித் திருகிப் பெற்ற, குழைந்து நெளியும் ஒலியிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற கிளை பிறந்தது. 1988-இல் பிரிட்டன் இளைஞர்களை அது ஆட்டிவைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரையும் எட்டியது. அங்கே டாக்லேண்ட்ஸ் பகுதியில், துறைமுக வேலை குறைந்து கைவிடப்பட்டுக் கிடந்த கிடங்குகளில் 1990-களில் ரேவ் எனப்படும் மின்னணு இசை நடன விருந்துகள் விடிய விடிய நடந்தன. காங்கிரீட் தரை, காதை அடைக்கும் ஒலிபெருக்கிகள், நான்கு எண்ணிக்கைக்கும் சீராக விழும் கிக் டிரம் என்ற கனத்த முரசொலி ஆகியவையே இந்த ஆட்டத்துக்கு வாய்த்த அரங்கு. பல்லவி, சரணம் என்ற பகுப்புக்குள் அடங்காமல் நெடுநேரம் ஒரே சீராக ஓடும் இசைக்குக் கதை சொல்லும் அபிநயமோ ஜோடியோ தேவைப்படவில்லை. தாளத்தைக் கால்களால் எண்ணிக்கொண்டு, நின்ற இடத்தருகிலேயே மணிக்கணக்கில் ஆடத் தெரிந்தால் போதும். உள்ளூர்க்காரர்கள் அதை ராக்கிங் என்றும் ஸ்டாம்பிங் என்றும்தான் அழைத்தார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லும் தேவை வெளியூர்க்காரர்களுக்குத்தானே வரும்?

இனிப் பயிற்சிக்கு வருவோம். வழவழப்பான, ஆனால் ஈரமில்லாத தரை வேண்டும். சொரசொரப்பான மொட்டை மாடித் தளம் பாதத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பாதம் நின்றபிறகும் உடல் திரும்பினால் அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். இதே காரணத்தால், அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஓட்டக் காலணிகளைத் தவிர்த்து, அடி தேய்ந்து தட்டையாகிப்போன பழைய கேன்வாஸ் காலணியை அணியுங்கள். மெல்பர்ன் ஆட்டக்காரர்கள் தரையில் டால்கம் பவுடர் தூவிக்கொள்வதுண்டு. காங்கிரீட்டுக்குப் பொருந்தும் அந்த உத்தியை வீட்டு டைல்ஸ் தரையில் பின்பற்றி நான் ஒருமுறை மல்லாந்து விழுந்திருக்கிறேன் என்பதால், டைல்ஸில் பவுடர் வேண்டவே வேண்டாம் என்பேன். மாடி வீட்டில் இருப்பவர்கள் கீழ் வீட்டுக்காரர் உறங்கும் நேரத்தையும் கணக்கில் கொள்வது நல்லது.

முதலில் பழக வேண்டியது டி-ஸ்டெப். இரு பாதங்களும் ஏறத்தாழ ஆங்கில எழுத்தான டி-யின் (T) வடிவில் சேர்ந்து பிரிவதால் இப்பெயர் வந்தது. இசையே இல்லாமல், வலப் பாதத்தை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். எடையைக் குதிகாலில் ஊன்றி, விரல்களைச் சற்றே உயர்த்தி வலப்பக்கம் திருப்புங்கள். பிறகு எடையை முன்பாதத்துக்கு மாற்றி, குதிகாலை வலப்பக்கம் நகர்த்துங்கள். இப்போது விரல்கள் உட்புறம் நோக்கும். இந்த இரண்டு அசைவுகளையும் மாற்றி மாற்றிச் செய்தால், பாதம் தரையை விட்டு எழாமலே நத்தையைப் போல வலப்பக்கம் ஊர்ந்து செல்லும். சுவரைப் பிடித்துக்கொண்டு அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இப்படி ஊர்ந்து, திரும்பும்போது இடப் பாதத்தால் ஊர்ந்து வாருங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆயினும் ஒரு வாரமாவது இதை மட்டுமே செய்தவர்களின் ஆட்டம் பிற்பாடு தனியாகத் தெரியும்.

பாதம் தானாக ஊரத் தொடங்கியதும் இடக் காலைச் சேர்க்கலாம். வல விரல்கள் உட்புறம் திரும்பும்போது இடக் கால் தரையிலிருந்து ஒரு சாண் எழ வேண்டும். அவை வெளிப்புறம் திரும்பும்போது இடப் பாதம் தரையைத் தொட வேண்டும். தாளத்தின் அடி விழும் கணத்தில் பாதம் தரையிலும், இரண்டு அடிகளுக்கு நடுவில் காற்றிலும் இருப்பதே முறை. தொடக்கத்தில் பலருக்கும் இது தலைகீழாக வரும். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, காலை இன்னும் உயரத் தூக்கிச் சமாளிக்கக் கூடாது. உடல் மேலும் கீழும் குதிக்கிறதா என்பதைக் கண்ணாடியில் பாருங்கள். இடுப்புக்கு மேல் அமைதியாகவும் இடுப்புக்குக் கீழ் பரபரப்பாகவும் இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். குதிகாலையும் விரல்களையும் மாற்றி மாற்றித் திருகும் இந்த வித்தை புதியதும் அல்ல. 1923-இல் நியூயார்க் மேடை வழியாக அமெரிக்காவெங்கும் பரவிய சார்ல்ஸ்டன் நடனத்திலும் பாதத் திருகல் உண்டு. இன்றைய ஷஃபிள் ஆட்டக்காரர்கள் தங்கள் அடி ஒன்றை அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அடுத்தது ரன்னிங் மேன், அதாவது நின்ற இடத்திலேயே ஓடுவது போன்ற அடி. இது 1980-களின் இறுதியில் அமெரிக்க ஹிப்ஹாப் மேடைகளில் புகழ்பெற்றது, ராப் பாடகர் எம்.சி. ஹேமரின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். வலக் காலை முன்னே வைக்கும்போது இடக் காலைப் பின்னே சறுக்க வேண்டும். அந்தக் கணத்தில் இரு பாதங்களும் ஓர் எட்டு இடைவெளியில் தரையில் இருக்கும். உடனே பின்னால் உள்ள இடக் காலின் முழங்காலை உயர்த்தி, அதே நேரத்தில் முன்னால் உள்ள வலப் பாதத்தை உடலுக்கு நேர்க்கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு இடக் கால் முன்னே, வலக் கால் பின்னே. முன்னே வைத்த அளவுக்குப் பின்னே இழுப்பதால் உடல் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுக்கும் பாதம் தரையை உரசாமல் எம்பிக் குதித்தால் அது வெறும் உடற்பயிற்சியாகிவிடும். முதல் வாரத்தில் டி-ஸ்டெப்பைத் தேய்த்துப் பழகச் சொன்னதன் பயன் இங்கேதான் கிடைக்கிறது; காணொளிகள் பலவற்றில் ரன்னிங் மேனை முதல் பாடமாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனி வேகம். இதைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆட்டம் பரவிய பாதையை அறிவது உதவும். மெல்பர்னில் இசை ஆசிட் ஹவுஸிலிருந்து டிரான்ஸ், ஹார்ட் டிரான்ஸ், ஹார்ட்ஸ்டைல் என்று மாறியபோது வேகமும் ஏறியது. நிமிடத்துக்கு 150 தாள அடிகள் என்பது ஹார்ட்ஸ்டைலின் இயல்பான வேகம். அதாவது ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 0.4 நொடிதான் இடைவெளி. காலணியையே மறைக்கும் அளவுக்கு அகன்ற ஃபேட் பேண்ட்ஸ் அணிந்து, அதில் ஒளியைத் திருப்பும் பட்டைகளைத் தைத்துக்கொண்டு ஆடியவர்களின் காணொளிகள், 2005-இல் தொடங்கிய யூடியூப் வழியாக வெளியுலகம் சென்றன. மலேசிய இளைஞர்கள் அவற்றைப் பார்த்துப் பழகித் தங்களுக்கென ஒரு பாணியையே வளர்த்துக்கொண்டார்கள். நேரில் திருத்த ஆசிரியர் இல்லாமல், படத்தை நிறுத்தி நிறுத்திக் கற்ற ஆட்டம் என்பதால் ஊருக்கு ஊர் கை வீச்சும் கால் உயரமும் மாறின. 2009-இல் ஜெர்மனியின் ஸ்கூட்டர் குழு தன் ஜடோர் ஹார்ட்கோர் பாடலின் காணொளியில் மெல்பர்ன் ஆட்டக்காரர்களையே ஆடவைத்தது. 2011-இல் எல்.எம்.எஃப்.ஏ.ஓ. குழுவின் பார்ட்டி ராக் ஆன்தம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தபோது, ரேவ் என்றால் என்னவென்றே அறியாதவர்களும் இந்த அடிகளைப் போட்டுப் பார்த்தார்கள்.

அந்தப் பாடலின் வேகம் சுமார் 130தான். ஆட்டம் அதன்பின் மெதுவான இசையின் பக்கமே பெரிதும் சாய்ந்தது. லண்டனின் ஹவுஸ் கிளப்புகளில் கட்டிங் ஷேப்ஸ் என்ற பெயரில், அடிகளைச் சுருக்கி நெளிவுகளைக் கூட்டி ஆடினார்கள். சீனாவில் பேய் நடை என்று பொருள்படும் குய்பூவூ என்ற பெயரில் பூங்காக்களுக்கும் திறந்தவெளிச் சதுக்கங்களுக்கும் வந்து, நடுத்தர வயதுப் பெண்கள் மாலையில் கூடி ஆடும் ஆட்டமாகவும் ஆகிவிட்டது. வயதைக் காட்டித் தயங்குபவர்களிடம் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இவர்களைத்தான்.

ஆகவே ஹார்ட்ஸ்டைல் வேகத்தில் தொடங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலியை 100-இல் வைத்து டி-ஸ்டெப்பை வலப்பக்கம் எட்டு, இடப்பக்கம் எட்டு என எண்ணி ஆடுங்கள். கால் மாறும் இடத்தில் தடுமாறாமல் ஐந்து நிமிடம் ஆட முடிந்தால் ஐந்தைந்தாகக் கூட்டி, 124 முதல் 128 வரை உள்ள ஹவுஸ் பாடலுக்குச் செல்லுங்கள். இந்த நிலையில் இரண்டு அடிகளையும் இணைக்கலாம்: ரன்னிங் மேன் எட்டு எண்ணிக்கை முடிந்ததும், முன்னால் உள்ள காலையே ஊரும் காலாகக் கொண்டு டி-ஸ்டெப்புக்கு மாறுங்கள். சுற்றித் திரும்புவதை இதற்குப் பின்பே சேர்த்துக்கொள்ளுங்கள். ரன்னிங் மேன் ஆடியபடியே ஒவ்வோர் அடிக்கும் வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு திரும்பினால், நான்காவது அடியில் தொடங்கிய திசைக்கே வந்துவிடுவீர்கள். கைகளுக்கென்று தனிப் பாடம் வேண்டியதில்லை. நடக்கும்போது போல எதிர்க் கையை முன்னே விட்டால் போதும். மற்றவை பழகப் பழக வரும்.

முழங்காலிலோ கெண்டைக்காலிலோ குத்துவலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் காலணியையும் தரையையும் சோதியுங்கள். வாரம் ஒருமுறை, கைபேசியைத் தரைமட்டத்தில் சாய்த்து வைத்து இடுப்புக்குக் கீழே மட்டும் படம்பிடியுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு அந்தப் பதிவைப் பாருங்கள்; பாட்டு இல்லாமலே உங்கள் பாதங்களைக் கொண்டு தாளத்தை எண்ண முடிந்தால், 150-க்குச் செல்ல நேரம் வந்துவிட்டது.