மருந்தைக் கண்டதும் தலையைத் தூக்கும் குதிரைக்கு

மருந்துக் குப்பியைத் திறக்கும் ஓசை கேட்டாலே லாயத்தின் கோடிக்குப் போய் நிற்கும் குதிரை உண்டு. அது கசப்புக்கு மட்டும் பயப்படவில்லை. போன முறை நான்கு பேர் சேர்ந்து தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றியது அதற்கு மறக்கவில்லை. கசப்பை வெல்லத்தால் மறைக்கலாம், நினைவை மறைக்க முடியாது. ஆகவே இதில் வேலை இரண்டு. ஒன்று, இன்றைய மருந்தை இன்றே உள்ளே அனுப்புவது. மற்றது, நாளைய மருந்துக்கு இன்றே பழக்குவது. பெரும்பாலோர் முதல் வேலையை மட்டும் பார்ப்பதால்தான் ஐந்து நாள் மருந்தில் மூன்றாம் நாளே போராட்டமாகிவிடுகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை ஒழுங்காக வாங்கிக்கொண்ட குதிரை இன்று திடீரென்று வாயைக் காட்ட மறுத்தால் அது பிடிவாதம் என்று முடிவு கட்ட வேண்டாம். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருக்கலாம், நாக்கில் புண் இருக்கலாம். மெல்லும்போது பாதி மென்ற தீவனத்தைக் கீழே உதிர்ப்பது, தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்வது, வாய்நாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். வலிக்கிற வாயில் சிரிஞ்சை நுழைத்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வாய் உங்களுக்குத் திறக்காது.

எடையை அளக்காமல் அளவு இல்லை

கால்நடை டாக்டர் போனில் கேட்கும் முதல் கேள்வி எடை. கண்ணால் பார்த்து '300 கிலோ இருக்கும்' என்று சொல்வதைவிட ஒரு தையல்கார டேப் நம்பகமானது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சைச் சுற்றி, குதிரை மூச்சை விடும் நேரத்தில் சுற்றளவு எடுங்கள். பிறகு தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பின்பக்க இருக்கை எலும்பின் முனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். எல்லா அளவும் சென்டிமீட்டரில். சுற்றளவு 150, நீளம் 140 உள்ள நாட்டு மட்டக் குதிரைக்கு 150 × 150 × 140 ÷ 11,880, அதாவது ஏறக்குறைய 265 கிலோ. குட்டிக்கும் நிறைசினைக்கும் இந்தக் கணக்கு சரியாக வராது.

அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி வந்த குதிரைக்கு முதல் வேலையாகக் குடற்புழு மருந்து கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்துப் பேஸ்ட் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில் போகிறது. எடையைக் குறைத்து மதிப்பிட்டு அரைகுறையாகக் கொடுத்தால் சாகாமல் தப்பும் புழுக்கள்தான் பெருகும், அடுத்த தடவை அதே மருந்து வேலை செய்யாது. பேஸ்ட் குழலின் தண்டில் எடை அளவுக் கோடுகளும் ஒரு வளையமும் இருக்கும். வளையத்தைச் சரியான கோட்டில் திருகிப் பூட்டி, பூட்டிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பூட்டாத வளையம் நழுவினால் முழுக் குழலும் ஒரே அழுத்தில் வாய்க்குள் போய்விடும்.

மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசி மிச்சமிருக்கிறதே என்று குதிரைக்குக் குத்தாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் கடுமையான வீக்கமும் தொற்றும் வந்த குதிரைகள் உண்டு.

மூங்கில் குழாயை மாட்டோடு விடுங்கள்

மாட்டுக்குத் தலையை உயர்த்திப் பிடித்து மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ மருந்து ஊற்றிப் பழகிய கை, குதிரையிடமும் அதையே செய்யப் பார்க்கும். குதிரையின் தொண்டை அமைப்பு வேறு. அது மூக்கால் மட்டுமே மூச்சு விடும், வாயால் முடியாது. தலை மேலே தூக்கிய நிலையில் அரை லிட்டர் நீர்மம் ஒரேயடியாக இறங்கும்போது அது விழுங்கவும் வேண்டும், மூச்சும் விட வேண்டும். புரை ஏறினால் மருந்து நுரையீரலுக்குப் போகிறது. அன்றைக்கு இருமலோடு முடிந்ததுபோலத் தெரியும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், மந்தம், மூக்கில் நாற்றமடிக்கும் சளி. குதிரையின் இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

எண்ணெய் இதிலும் மோசம். லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெய்க்குச் சுவையும் இல்லை, உறுத்தலும் இல்லை. அதனால் குதிரை விழுங்காமலே அது தொண்டையில் வழுக்கி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். அதை மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு டாக்டர்தான் செலுத்த வேண்டும். வயிற்றுவலியில் புரளும் குதிரைக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது, கஷாயமும்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஏற்கனவே நிரம்பி உப்பிய இரைப்பை கிழிந்துபோகும்.

உருண்டை

பொடி, சிறிய மாத்திரை, ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவுக்குள் அடங்குவது எதுவானாலும் முதலில் உருண்டையில் முயலுங்கள். ஒரு வாளித் தவிட்டில் மருந்தைக் கலப்பதைப் போல வீணான வேலை வேறில்லை. குதிரையின் மேலுதடு விரலைப் போன்றது. தானியத்தை மட்டும் பொறுக்கித் தின்று, பொடியை அடியில் அப்படியே விட்டுவிடும். சில குதிரைகள் வாளியையே வெறுத்துவிடும், அப்புறம் தீவனமும் போச்சு. குடிதண்ணீரில் கலப்பது இன்னும் தப்பு. தண்ணீரைக் குறைத்தால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும்.

கொள்ளை இரவு ஊறவைத்து, குழைய வேகவைத்து, நீரை வடித்து மசியுங்கள். பசை போல ஒட்டும். ஒரு கை மசித்த கொள்ளு, ஒரு கை கோதுமைத் தவிடு, நெல்லிக்காய் அளவு வெல்லம். இதில் எலுமிச்சை அளவுக்கு ஐந்து உருண்டை. அதைவிடப் பெரிதாகப் பிடித்தால் குதிரை பாதியாகக் கடிக்கும், நடுவிலுள்ள மருந்து நாக்கில் படும், ஆட்டம் முடிந்தது. மூன்றாவது உருண்டையில் மட்டும் குழி செய்து மருந்தை வைத்து மூடுங்கள். முதல் இரண்டு வெறும் உருண்டை, மூன்றாவது மருந்து, அதை மென்றுகொண்டிருக்கும்போதே நான்காவதை மூக்கருகே நீட்டுங்கள். அடுத்தது கண்ணில் பட்டால் வாயிலுள்ளதை அவசரமாக விழுங்கும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மருந்தைத் தொட்ட அதே விரலால் உருண்டையின் வெளிப்புறத்தை உருட்டுவது. குதிரைக்கு மூக்குதான் முதல் நாக்கு. மருந்தை ஒருவர் வைக்கட்டும், மேல்பூச்சை இன்னொருவர் உருட்டட்டும். தனி ஆளாக இருந்தால் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்தைத் தொடும் கைக்கு எப்போதும் உறை.

எந்த மணம் பிடிக்கும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம். 2005-ல் பிரிட்டனில் லாயக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில் அவை அதிகம் விரும்பியது வெந்தயமும் வாழைப்பழமும். சீரகம்கூட அந்தப் பட்டியலில் இருந்தது. எல்லாம் நம் அஞ்சறைப்பெட்டிச் சமாசாரம்தான். வெந்தயப் பொடி ஒரு தேக்கரண்டி கலந்தாலே பெரும்பாலான மருந்து வாடை அடங்கிவிடும். ஆனால் நோய் வந்த அன்றுதான் முதன்முதலாக வெந்தயத்தைக் காட்டினால், புது வாசனை என்றே அதையும் சந்தேகிக்கும். மருந்தில்லாத நாட்களில், வாரம் இரண்டு தரம் வெறும் வெந்தய உருண்டை கொடுத்து வாருங்கள்.

கொழுத்த மட்டக் குதிரைக்கும் குளம்பு அழற்சி வந்த குதிரைக்கும் வெல்லம், கருப்பட்டி, வாழைப்பழம் எல்லாம் விலக்கு. குதிரைமசால் தழையைப் பொடியாக நறுக்கி, நீர் தெளித்து, வெந்தயப் பொடி சேர்த்துப் பிசையுங்கள். பந்தயக் குதிரைக்குக் காப்பித்தூள், சாக்லேட் எதுவும் கூடாது. அவற்றிலுள்ள காஃபீனும் தியோபுரோமினும் பந்தயத்தில் தடை செய்யப்பட்டவை.

எல்லா மருந்தும் உணவோடு சேராது. இரைப்பைப் புண்ணுக்கான ஒமெப்ரசோல் வெறும் வயிற்றில், தீவனத்துக்கு முன் கொடுக்க வேண்டியது. அதன் பூச்சுள்ள குருணையை இடித்தால் வயிற்று அமிலத்திலேயே கெட்டுவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு தயிரும் சுண்ணாம்புச்சத்து மாவும் சேர்க்கக் கூடாது, மருந்து உடலில் சேராது. வாங்கும்போதே 'உணவோடா, வெறும் வயிற்றிலா, இடிக்கலாமா' என்று டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்.

சிரிஞ்ச்

உருண்டைக்குள் அடங்காத அளவு வரும். கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதினால், 250 கிலோ குதிரைக்கு 960 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுவும் நாளுக்கு இரண்டு வேளை. இதற்குச் சிரிஞ்ச்தான்.

மருந்துக்கடையில் அகன்ற முனையுள்ள 50 அல்லது 60 மில்லி சிரிஞ்ச் கேளுங்கள். சாதாரண ஊசி முனை அடைத்துக்கொள்ளும். தீர்ந்துபோன பேஸ்ட் குழலையும் நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். ரப்பர் முனையில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவுங்கள். தண்டு பிடித்துப் பிடித்து நகர்ந்தால் கடைசியில் மருந்து பீறிட்டுத் தொண்டையில் அடிக்கும்.

தண்டை உருவி, மாத்திரைகளை இடிக்காமலே உள்ளே போட்டு, தண்டை மாட்டி, 20 மில்லி வெதுவெதுப்பான நீரை உறிஞ்சுங்கள். முனையை விரலால் மூடிக் குலுக்கிவிட்டு, பத்து நிமிடம் வைத்தால் தானே கரைந்து கூழாகிவிடும். பூச்சில்லாத மாத்திரைக்குத்தான் இது. பிறகு 20 மில்லி வெல்லப்பாகு. 100 கிராம் வெல்லத்துக்கு 50 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டினது, ஆறியது. பாகு வெறும் இனிப்புக்காக அல்ல. தண்ணீராக இருந்தால் கடைவாய் வழியே ஒழுகிவிடும், கெட்டியாக இருந்தால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், துப்ப முடியாது. கொடுப்பதற்கு முன் மறுபடி குலுக்குங்கள், அடியில் மண்டியிருக்கும்.

வாயில் தீவனம் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் கவளத்தோடு மருந்தையும் உமிழ்ந்துவிடும். சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வாயை அலசிவிடுங்கள்.

குதிரையைக் கட்டிப்போட வேண்டாம், ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்தால் போதும். அதன் இடப்பக்கம், தோளோடு ஒட்டி, அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். எதிரே நின்றால் முன்னங்கால் உங்கள் மேல் வரும். வலக்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து மூக்குப் பட்டையை மேலாகப் பிடியுங்கள். இடக்கையில் சிரிஞ்ச். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி உண்டு, கடிவாளக் கம்பி உட்காரும் அதே இடம். உதட்டோரத்தில் அங்கே நுழைத்து, முனையை நாக்கின் மேல், பின்னோக்கிக் கொண்டுபோய், சீராக அழுத்துங்கள். பேஸ்ட் என்றால் ஒரே அழுத்து. நீர்த்த மருந்தானால் 10 மில்லி, விழுங்கட்டும், அடுத்த 10 மில்லி. மூக்கு நெற்றியின் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. கொடுத்து முடித்ததும் தாடையைச் சில நொடி மட்டமாகத் தாங்கிப் பிடித்து, தொண்டை அசைகிறதா என்று பாருங்கள்.

பழக்குவது

இதற்குத் தினம் மூன்று நிமிடம், ஏறக்குறைய பத்து நாள். விதி ஒன்றே ஒன்று: குதிரை அசையாமல் நிற்கும்போதுதான் சிரிஞ்ச் விலக வேண்டும். தலையை உதறும்போது நீங்கள் கையை எடுத்தால், உதறினால் சிரிஞ்ச் போய்விடும் என்று நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். தலை மேலே போனால் கையும் கூடவே போகட்டும், அழுத்தாமல், ஒட்டியபடி. ஒரு நொடி நின்றாலும் உடனே எடுத்துவிட்டுத் தட்டிக்கொடுங்கள்.

முதலில் வெறும் சிரிஞ்சைக் கழுத்தில் தேய்ப்பது, பின் கன்னம், பின் உதட்டோரம். அது பழகியபின் வெளியே வெல்லப்பாகு தடவி உதட்டில் வைத்தால் தானே நக்கும். அப்புறம் 5 மில்லி பாகு உள்ளே. மருந்து தொடங்கிய பிறகும் மூன்றுக்கு இரண்டு முறை வெறும் பாகுதான் வர வேண்டும். சிரிஞ்ச் வந்தால் இனிப்பு, எப்போதாவது கசப்பு என்று குதிரையின் கணக்கு மாறும். இன்றே மருந்து தொடங்கியாக வேண்டும், பழக்க நேரமில்லை என்றால், கசப்பைக் கொடுத்த அடுத்த நொடியே ஒரு பாகுச் சிரிஞ்சைக் கொடுத்து முடியுங்கள்.

ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணி வாயில் தங்கினால் புண்ணாக்கும். அதைக் கொடுத்தபின் ஒரு சிரிஞ்ச் தண்ணீரால் வாயை அலசுங்கள். தண்ணீர் குடிக்காமல் வாடிக் கிடக்கும் குதிரைக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம், சிறுநீரகம் போய்விடும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சில குதிரைகள் அந்தக் கசப்பிலேயே தீவனத்தை விட்டுவிடும். அப்படியானால் அதை ஆசனவாய் வழியாகச் செலுத்த வழியிருக்கிறதா என்று டாக்டரைக் கேளுங்கள். முன்னங்காலைத் தூக்கி எழும் குதிரையிடமும் வாய்வழியை விட்டுவிட்டு ஊசிக்கு மாற்றச் சொல்வதே நல்லது.

பாதி துப்பிவிட்டால் உடனே இன்னொரு முழு அளவு கொடுக்காதீர்கள். எவ்வளவு போனது என்று குறித்துக்கொண்டு போன் செய்யுங்கள். வாய்க்குக் கீழே வெள்ளை பேசினை வைத்துக்கொண்டு கொடுத்தால் துப்பியது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். குதிரையைப் பராமரிக்கும் சைஸும் நீங்களும் மாறி மாறிக் கொடுப்பதாக இருந்தால் லாயச் சுவரில் ஒரு அட்டை தொங்கட்டும்: தேதி, வேளை, அளவு, கொடுத்தவர். இரண்டு பேரும் 'மற்றவர் கொடுத்திருப்பார்' என்று விடுவதும், இரண்டு பேரும் கொடுத்துவிடுவதும் சகஜம்.

தரையில் விழுந்த ஐவர்மெக்டின் பேஸ்ட்டை அப்போதே துடைத்து எடுங்கள். லாயத்து நாய் அதை நக்கினால் நரம்பு பாதிக்கும், கோலி இன நாய்க்கு உயிருக்கே ஆபத்து. காலிக் குழலைக் குப்பையில் வீசாமல், நாய்க்கு எட்டாதபடி மூடிக் கட்டிப் போடுங்கள்.