சென்னையில் இலை சிவக்கும் நேரம்: படம் எடுப்பதும் எடிட் செய்வதும்

இலையுதிர் காலப் படங்கள் என்று தேடினால் காஷ்மீர் சினாரும் கனடா மேப்பிளும்தான் வரும். சென்னைக்காரர்களுக்கு வாதாங்கொட்டை மரம் இருக்கிறது. மழை ஓய்ந்து பனி இறங்கியதும் அதன் இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறமேறி, நல்ல சிவப்பாகி விழும். மேப்பிளைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனின் நிறமிதான் இங்கேயும் வேலை செய்கிறது. மார்கழியிலிருந்து மாசி வரை பெசன்ட் நகர், அடையாறு பக்கத் தெருக்களில் அண்ணாந்து பார்த்தபடி நடந்தாலே போதும். அரச மரம் இலை கொட்டிச் செம்பு நிறத்தில் துளிர்ப்பதைப் பிடிக்கவும் இதே முறை உதவும்.

கேமராவிலோ போனின் ப்ரோ மோடிலோ எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. வெயிலை இலைக்குப் பின்னால் வையுங்கள்

தை மாதத்தில் சூரியன் ஆறரை வாக்கில் உதிக்கும். ஏழிலிருந்து எட்டரைக்குள் எடுத்துவிடுங்கள். வெயில் இலையின் மறுபக்கம் விழ, நீங்கள் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அப்போது நடுநரம்பை ஒட்டி இன்னும் மிச்சமிருக்கும் பச்சை, பூச்சி அரித்த ஓட்டையைச் சுற்றிய கருவளையம் எல்லாம் துல்லியமாகத் தெரியும். தரையில் விரிந்து கிடக்கும் இலைகள் வேண்டுமென்றால் இன்னும் சீக்கிரம் போங்கள். தூய்மைப் பணியாளர்கள் வந்து பெருக்கிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஏசி அறையில் வைத்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் பனித்துப்போகும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

2. இரண்டு செட்டிங்

ஒன்று, ரா ஃபைலாக எடுங்கள், அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் வடிவத்தில். இரண்டு, வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள். ஃப்ரேம் முழுக்கச் சிவப்பாக இருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று எண்ணி கேமரா நீலத்தைச் சேர்த்துவிடும். வெயில் குறியில், அதாவது 5500 கெல்வின் அருகே நிறுத்துங்கள்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் அடுத்த லென்ஸுக்கு முன் ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வாதாங்கொட்டை இலை வழவழப்பானது. அதன் மேல் வானம் வெள்ளையாகப் பிரதிபலிக்கும். ஃபில்டரை மெல்லத் திருப்பினால் அந்த வெள்ளை விலகி நிறம் மேலே வரும். எடிட்டிங்கில் எவ்வளவு முயன்றாலும் இதைக் கொண்டுவர முடியாது.

3. சிவப்பைக் காப்பாற்றுவது

மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். படத்தில் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஹிஸ்டோகிராம். கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் மொத்த வெளிச்சத்தைக் காட்டுகிறது. அந்தக் கணக்கில் பச்சைக்குத்தான் எடை அதிகம். அதனால் வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலையில் நரம்பே இருக்காது, எனாமல் பெயின்ட் அடித்த தகரம் மாதிரி தட்டையாக இருக்கும்.

மெனுவில் தேடி, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்குங்கள். சிவப்பு மேடு வலது சுவரில் முட்டினால் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7க்கு இறக்குங்கள், வெயில் நேராக ஊடுருவும் இலைக்கு மைனஸ் 1கூடத் தேவைப்படும். ரா எடுத்தாலும் கேமரா காட்டுவது ஜேபெக் முன்னோட்டத்தின் கணக்கை. ஆகவே அந்த முன்னோட்டத்தின் நிறத்தை முடிவு செய்யும் பிக்சர் ஸ்டைலை விவிட்டிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றிவிடுங்கள், அளவு உண்மைக்கு நெருங்கி வரும். படம் திரையில் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். நிழலை ராவிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். போன சிவப்பு திரும்பி வருவது கஷ்டம்.

4. எடிட்டிங்

கணினியில் நான் பயன்படுத்துவது டார்க்டேபிள்: இலவசம், திறமூலம், பழக ஒரு வாரம் பொறுமை வேண்டும். போனில் என்றால் லைட்ரூம் வசதி. ஸ்னாப்சீடும் நல்லதுதான், ஆனால் நிறம் நிறமாகப் பிரித்து வேலை செய்ய லைட்ரூமே எனக்குத் தோது.

முதலில் எக்ஸ்போஷர், அப்புறம் ஹைலைட்டைக் குறைத்தல், அப்புறம் நிழலைக் கொஞ்சம் தூக்குதல். இதில் சொல்ல அதிகம் இல்லை.

நிறத்துக்கு வரும்போது மொத்தப் படத்தின் சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) பக்கம் கையே போகக் கூடாது. சினார் தோப்பில் கண்ணுக்கெட்டிய வரை ஒரே நிறம், நமக்கு அப்படியில்லை. நம் மரத்தைச் சுற்றி வேம்பும் புங்கனும் பச்சையாக நிற்கின்றன, ஒரே கிளையில்கூட பாதி இலை பச்சை. சாச்சுரேஷனைக் கூட்டினால் அந்தப் பச்சைதான் முதலில் கத்தும். லைட்ரூமில் நிறங்களைத் தனித்தனியாக மாற்றும் கலர் மிக்ஸில் பச்சையைத் தேர்ந்தெடுத்து அதன் சாச்சுரேஷனை மைனஸ் 30 வரை இறக்கி, சாயலை மஞ்சள் பக்கம் ஒரு துளி தள்ளுங்கள். பிறகு சிவப்பின் வெளிச்ச அளவை மட்டும் மைனஸ் 10 செய்யுங்கள். சிவப்பைக் கூட்டாமலே சிவப்பு எடுப்பாக நிற்கும். பச்சையை இன்னும் இறக்கினால் மரம் பட்டுப்போனதுபோல் சாம்பல் பூக்கும். அதற்கு முன் நிறுத்துங்கள்.

ஏற்றுமதி செய்யும்போது கலர் ஸ்பேஸ் (படத்தில் இடம்பெறும் நிறங்களின் வரம்பு) எஸ்ஆர்ஜிபி என்று இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபியில் வைத்தால் பல திரைகளில் நிறம் வெளுத்துத் தெரியும்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு சிக்கல்களைச் சேர்க்கிறேன்.

வானத்துக்கு எதிரே எடுத்த இலையின் ஓரத்தில் ஊதாக் கோடு வருகிறது என்றார் ஒருவர். லென்ஸின் நிறப்பிழை அது. லைட்ரூமில் ஆப்டிக்ஸ் பகுதியில் நிறப்பிழையை நீக்கும் பொத்தானை இயக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ராத்திரி போனில் எடிட் செய்த படம் காலையில் நீலமாகத் தெரிகிறது என்றார் இன்னொருவர். கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை வசதி ராத்திரியில் தானாகவே இயங்கியிருக்கும். அந்த மஞ்சளைப் படத்தின் மஞ்சள் என்று நினைத்துக் கை நீலத்தைக் கூட்டிவிடும். எடிட் செய்ய உட்காரும்போதே அதை அணைத்துவிடுங்கள், திரை வெளிச்சம் தானாகக் கூடிக் குறைவதையும் சேர்த்து.